சொல்லியாச்சு

காக்கி புக்கிட். நான்காம் மாடி.
லாரியே ஏறிவரும் சரிவுப்பாதையின் கடைசிக் கடை.
பக்கத்துக் கடையில் மீன் உருண்டை பெட்டியில் ஏறுகிறது.
எங்கள் கடையில் எழுபது வயது எம்ஜி
சக்கரம் கழன்று நான்கு முக்காலிமேல் நிற்கிறது.

பகலில் நான் செலத்தாரில் விமான எஞ்சின் பார்ப்பவள்.
அங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் கையெழுத்து உண்டு:
முறுக்கு எவ்வளவு, யார், எத்தனை மணிக்கு.
இங்கே
மரை மெட்ரிக், தலை விட்வொர்த்.
எந்தக் கிறுக்கன் செய்தான் இதை என்று
பூன் ஹோக் ஹொக்கியனில் கேட்பான்.
நான் இன்னும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன்.

வெளியே தகரம், உள்ளே மரம்.
இங்கிலாந்து மரத்தைச் சிங்கப்பூர்க் கரையான்
என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது.
விரல் வைத்தேன், தூண் உள்ளே போனது.
ஆறு பூச்சுப் பெயின்ட்தான் இத்தனை காலம்
காராக நடித்துக்கொண்டிருந்தது.

வலது பின்தூண் மட்டும் கெட்டி.
ஹமிடா சீவி, முகர்ந்து, செங்கல் என்றாள்.
மலாயில் அது ஒரு மரம்.
எனக்கு வீடு கட்டும் செங்கல்லாகவே கேட்டது;
தட்டிப் பார்த்தால் அதுவும் பொருந்தியது.
யாரோ எப்போதோ மாற்றிவைத்த தூண்.
உட்புறம் பென்சில் கீறல்.
துணியால் துடைத்தேன்.
தமிழ்.

*கதவு திறக்கும். சொல்லியாச்சு.*

பெயர் இல்லை, தேதி இல்லை.
யாரிடம் சொன்னானாம், என்றான் பூன் ஹோக்.
முதலாளியிடம்தான், வேறு யாரிடம்.
அந்த ‘ஆச்சு’வின் சலிப்பு எனக்குத் தெரியும்.
இன்றிரவே பறக்கலாமா என்று
மேலாளர் மூன்றாம் முறை கேட்கும்போது
என் வாயில் வருவதும் அதுதான்.

அளந்தேன். அரைக்கால் அங்குலம் கோணல்.
அரைக்கால் அங்குலமெல்லாம் ஒன்றுமில்லை என்று
விமானத்தில் சொல்லமாட்டேன்.
காரில் சொன்னேன்.

கதவின் மேல்விளிம்புத் தோலில்
ஓரிடம் மட்டும் வழித்தெடுத்த மாதிரித் தேய்ந்திருந்தது.
புதுத்தோல் தைக்கட்டுமா என்றாள் ஹமிடா.
கார்புரேட்டருக்கே காசு போதவில்லை.
பிறகு, என்றேன்.

ஞாயிறு காலை பழைய தாம்சன் சாலையில் ஒத்திகை.
ஒருகாலத்தில் பந்தயம் சீறிய வளைவுகள்.
இப்போது முன்னால் பேருந்து,
நடுவில் குட்டியோடு குரங்கு.
கதவு சமர்த்தாக மூடியே இருந்தது.
பார்த்தாயா, என்றேன் தூணிடம்.

பிறகு பாலம் தாண்டி, பாசிர் கூடாங்.
சோதனை அதிகாரி குனிந்து நிமிர்ந்து
ஸ்டிக்கர் ஒட்டினார்.
மூன்றாம் சுற்று, வேகமான இடது வளைவு.
உடல் வலப்பக்கம் சரிந்த கணத்தில்
கதவு திறந்தது.
பின்பக்கக் கீல் அல்லவா,
காற்று அதை இறக்கையாய் விரித்தது.
தொடைக்குப் பக்கத்தில்
தார்ச்சாலை ஆறு மாதிரி ஓடியது.

இழுத்தேன். முழங்கையை மேலே போட்டு அமுக்கினேன்.
முழங்கை போய் உட்கார்ந்தது
அந்தத் தேய்ந்த இடத்தில்,
அளவெடுத்துத் தோண்டியதுபோல.

சொல்லியும் கேட்காமல்
யாரோ ஒருவர் எத்தனை பந்தயம்
இப்படியே ஓட்டியிருக்கிறார்.

மீதிச் சுற்றெல்லாம் நானும் அப்படியே.
முடித்தவர்களில் கடைசி.
எனக்குப் பின்னால் வந்த வண்டி
எண்ணெய் கக்கி நின்றுவிட்டது,
அவர்களுக்கு நன்றி.

செவ்வாய் இரவு.
பூன் ஹோக் புதுத் தாழ்ப்பாளுக்குச் சொல்லிவிட்டான்,
ஆறு வாரம் ஆகுமாம்.
அவன் சாப்பிடப் போன நேரம்
உட்பலகையைக் கழற்றி
பென்சிலால் கீழே எழுதினேன்:
*திறந்தது.*
கையெழுத்து, தேதி,
மணி ஒன்பதே முக்கால்.
பழக்கதோஷம்,
என் உரிம எண்ணையும் போட்டுவிட்டேன்.

அடியில் விரித்த அட்டைமேல்
எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது,
நேற்று துடைத்த அதே இடத்தில்.